பேசிக்கொண்டபடி

ஜூன் 4

தம்பிக்கு,

போனில் ஐந்து நிமிடத்தில் பேசி முடிக்கக்கூடிய விஷயத்துக்குக் கடிதமா என்று உங்களுக்குத் தோன்றலாம். பேசிப் பேசித்தான் இது இப்படி ஆகியிருக்கிறது. இனி எழுத்திலேயே இருக்கட்டும்.

நேற்று தரகர் கூப்பிட்டார். வீட்டுக்குள் வந்தும் குடையை மடக்க மறந்துவிடும் நம் குடைக்காரர். "பத்திரச் செலவு உங்களோடதுன்னு லிஃப்ட்காரர் சொல்றாரும்மா. எப்ப அனுப்புறீங்க?" என்று பால் பாக்கியைக் கேட்பதுபோலக் கேட்டார். நான் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

மே 12 அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒப்பந்தம் எழுதினோம். விலை, முன்பணம், ஜூன் 29 பத்திரப்பதிவு என்று எல்லாம் தெளிவாக இருக்கிறது. 'இதர செலவுகள்' என்ற இடத்தில் மட்டும் குடைக்காரர் 'பேசிக்கொண்டபடி' என்று எழுதியிருக்கிறார். படித்துப் பார்த்துவிட்டுத்தான் என் கணவரிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். வீடு அவர் பெயரில் இருக்கிறது, எழுத்தைப் படித்தவள் நான். என்ன பேசிக்கொண்டோம் தம்பி? முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம், வக்கீல், தரகு எல்லாம் சேர்ந்தால் விலையில் பத்தில் ஒரு பங்கு வருகிறது. அதை நான் தருவதாக எப்போது சொன்னேன்?

அவருக்குப் பக்கவாதம் வந்திருப்பதை நீங்கள் பார்த்தீர்கள். சிகிச்சைக்காக நாங்கள் இப்போது வந்து தங்கியிருக்கும் இந்த ஊரில் உள்ள மறுவாழ்வு மையத்தில் ஆறு மாதப் பயிற்சிக்கு ஒரு கட்டில் காலியாகியிருக்கிறது. ஜூன் 30 மாலை ஐந்து மணிவரை எங்களுக்காக வைத்திருப்பார்கள். அதற்குள் வைப்புத்தொகை முழுவதையும் கட்ட வேண்டும். வங்கிக் கடன் போக வீட்டு விலையில் எனக்கு மிஞ்சுவது அந்தத் தொகைதான். பத்திரச் செலவு என் தலையில் விழுந்தால் கட்டில் போய்விடும். அடுத்தது எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். எட்டு மாதம் என்றார்கள். முதல் ஒரு வருடத்துக்குள் திரும்பாதது அப்புறம் திரும்புவது கடினம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். எட்டு மாதம் ஏற்கெனவே போய்விட்டது.

செலவு உங்களுடையதுதான் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அறையின் சாவியை மட்டும் இப்போது கேட்காதீர்கள். அவருடைய மர அறுவை இயந்திரம் அங்கே இருக்கிறது. அது விற்பனையில் சேராது என்று அன்றே சொன்னேன்.

இப்படிக்கு,
உங்களுக்கு வீட்டை விற்பவரின் மனைவி

ஜூன் 7

அக்காவுக்கு வணக்கம்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. லிஃப்ட் பழுதுபார்த்த சீட்டில் 'கதவு சென்சார் மாற்றப்பட்டது' என்று எழுதுவதுதான் நான் எழுதுவதிலேயே நீளமானது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்க்கிறாள். பிழை எழுத்தில்தான் இருக்கிறதாம், விஷயத்தில் இல்லையாம்.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். சார் ஜன்னல் ஓரம் நாற்காலியில் இருந்தார். நான் எதிரே ஸ்டூலில். நான் கேட்டேன், "மத்த செலவெல்லாம் எப்படி சார்? விலைக்கு மேல என்கிட்ட ஒரு பைசா கிடையாது, இப்பவே சொல்லிடறேன்." சார் என்னை நேராகப் பார்த்து, "பாத்துக்கலாம்" என்றார். முனகவில்லை, கணீரென்று சொன்னார். நான் தலையாட்டினேன். நீங்கள் டீத் தட்டோடு பக்கத்தில்தான் நின்றீர்கள். வாய் திறக்கவில்லை.

அதற்கு முன்னால் மழைக்குக் கூரை ஒழுகுமா என்று கேட்டதற்கும் சார் "பாத்துக்கலாம்" என்றார். அதையும் சரிசெய்து தருவார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பரவாயில்லை, கூரையை நான் கேட்கவில்லை.

லிஃப்டில் ஆள் சிக்கிக்கொண்டால் நாங்கள் முதலில் செய்வது கதவிடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, பாத்துக்கலாம்" என்று சொல்வதுதான். உள்ளே இருப்பவர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மூச்சு விடுவார். அதைச் சொல்லிவிட்டு நான் டீ குடிக்கப் போக முடியாது. எங்கள் தொழிலில் அது வாக்கு.

அந்த வாக்கை நம்பித்தான் பார்த்து வைத்திருந்த இன்னொரு வீட்டை விட்டேன். ஊருக்கெல்லாம் லிஃப்ட் பார்க்கிற நான் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி. மனைவிக்கு ஏழாவது மாதம். ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்றுதான் ஏறுகிறாள். ஓனர் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். வங்கி கொடுத்த கடன் போக மிச்சத்துக்கு அவள் நகையெல்லாம் போய்விட்டது. இனி விற்க நான்தான் பாக்கி, என்னை யாரும் வாங்க மாட்டார்கள்.

சார் சொன்னதை மாற்றிப் பேசாதீர்கள் அக்கா.

இப்படிக்கு,
உங்கள் வீட்டை வாங்க இருப்பவன்

ஜூன் 10

தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

"பாத்துக்கலாம்" என்றால் பிறகு பார்ப்போம் என்று பொருள். விலையைக் குறைக்கச் சொன்னால் கடைக்காரர் சொல்வார். வேலை கேட்டுப் போனவனிடம் மேலாளர் சொல்வார். அதைக் கேட்டு யாராவது மறுநாள் வேலைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார்களா? "நான் பாத்துக்கறேன்" என்று அவர் சொல்லியிருந்தால் நீங்கள் கேட்பது நியாயம். அவர் அப்படிச் சொல்லவில்லை. லிஃப்டுக்குள் இருப்பவருக்கு நீங்கள் என்ன அர்த்தத்தில் சொல்கிறீர்களோ, அது எங்கள் கூடத்துக்குப் பொருந்தாது.

ஊர் உலகத்தில் பத்திரச் செலவு வாங்குகிறவருடையது. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு முடியவில்லை என்றால் சொல்லிவிடுங்கள். இதே விலைக்கு, செலவையும் ஏற்றுக்கொண்டு வாங்க இன்னொருவர் தயாராக இருக்கிறார். உங்கள் முன்பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன்.

உங்கள் மனைவி மாடி ஏறுவதை எழுதியிருந்தீர்கள். நானும் ஒருவரைத் தூக்கி உட்காரவைத்து, தூக்கிப் படுக்கவைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். யார் மூச்சு அதிகம் வாங்குகிறது என்று அளந்து பார்த்து வீடு விற்க முடியாது.

15ஆம் தேதிக்குள் பதில் வேண்டும்.

ஜூன் 13

அக்கா,

இன்னொருவர் யாரும் இல்லை என்று குடைக்காரர் சொல்லிவிட்டார். நாலு மாதம் அலைந்து கிடைத்த ஒரே ஆள் நான்தானாம். என் முன்பணத்தை அந்த மாதமே வங்கித் தவணைக்குக் கட்டிவிட்டீர்கள் என்றும் சொன்னார். குடையைத் திறக்கிற மாதிரிதான் அவர் வாயும், திறந்தால் மூடாது. எதை வைத்துத் திருப்பித் தருவீர்கள்?

கோபத்தில் எழுதுகிறேன், தப்பாக இருந்தால் இருக்கட்டும். சார் சொன்ன வார்த்தைக்கு மதிப்பு இல்லை என்றால் அவர் போட்ட கையெழுத்துக்கு மட்டும் என்ன மதிப்பு? எங்கள் கம்பெனி வக்கீலிடம் காகிதத்தைக் காட்டினேன். அவரும் இதைத்தான் கேட்டார். நோட்டீஸ் அனுப்பலாமா என்றார். இரண்டு நாள் பொறுங்கள் என்று வந்துவிட்டேன்.

சண்டை போட எனக்கு நேரம் இல்லை. ஒன்று செய்யுங்கள். சாரையே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். 'செலவைத் தருவதாக நான் சொல்லவில்லை' என்று அவர் எழுதிவிட்டால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். எழுத முடியாவிட்டால் போனில் சொல்லட்டும். ஆம்பளைக்கு ஆம்பளை பேசிக்கொள்கிறோம். நீங்கள் நடுவில் வராதீர்கள்.

ஜூன் 16

தம்பி,

இன்னொருவர் இருக்கிறார் என்று எழுதியது பொய். மன்னித்துக்கொள்ளுங்கள். இதற்குக் கீழே எழுதப்போவதோடு ஒப்பிட்டால் அது சின்னப் பொய்.

அவரைப் போனில் பேசச் சொல்ல முடியாது. அவருக்குப் பேச்சு இல்லை. பக்கவாதத்தில் கையும் காலும் போனது உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. பேச்சு போனது தெரியவில்லை, நான் தெரியவிடவில்லை. எல்லாச் சொற்களும் போய் ஒன்று மட்டும் தங்கிவிட்டது. அது எது என்று உங்களுக்குத் தெரியும்.

மருத்துவர் பெயர் கேட்டால் "பாத்துக்கலாம்." பசிக்கிறதா என்றால் "பாத்துக்கலாம்." அவருடைய அக்கா, தன் கணவர் இறந்த செய்தியைச் சொல்லப் போன் செய்தபோது, காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "பாத்துக்கலாம்" என்றார். அந்த அக்கா இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை. தச்சுப் பட்டறையில் வாடிக்கையாளர்களிடம் முப்பது வருடம் சொன்ன வார்த்தை. நாக்கில் அதற்குத் தனித்தடம் விழுந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார்.

அன்று உங்களுக்கு நான்தான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அவர் வாய் திறக்கக் கூடாதே என்று பயந்துகொண்டே இருந்தேன். கூரையைக் கேட்டபோது தப்பித்தோம். செலவைப் பற்றிக் கேட்டபோது நான் உள்ளே தட்டில் கோப்பைகளை வைத்துக்கொண்டிருந்தேன், ஓடி வருவதற்குள் அவர் சொல்லிவிட்டார். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவள் நான். பெயரை நாம் சொல்லி 'சரிதானே' என்று கேட்கக் கூடாது, நோயாளியின் வாயாலேயே சொல்ல வைத்துக் கேட்க வேண்டும் என்பது எங்கள் முதல் பாடம். அப்போதே உங்களிடம் "என்ன புரிஞ்சுது தம்பி?" என்று கேட்டிருக்க வேண்டும்.

கேட்காததற்குப் பயம் மட்டும் காரணம் இல்லை. நீங்கள் தலையாட்டினீர்கள். எட்டு மாதமாக அவர் சொன்னதைக் கேட்டவர்கள் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள், 'என்ன சொல்றார்?' என்பதுபோல. நீங்கள் அவரைப் பார்த்துத் தலையாட்டினீர்கள். அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். அந்த நிமிர்வை நான் எப்படிக் கலைப்பேன்?

இடது கையால் கையெழுத்துப் போட இரண்டு வாரம் பயிற்சி எடுத்தார். அவருக்கு எல்லாம் புரியும், சொல்லத்தான் வராது. மருத்துவர் அப்படிச் சான்று கொடுத்திருக்கிறார். ஆனாலும் இது தெரிந்தால் நீங்கள் பின்வாங்கிவிடுவீர்கள் என்று மறைத்தேன். இப்போது மாட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் சொன்னது வார்த்தையே இல்லை என்றால், கையெழுத்தும் கையெழுத்து இல்லை என்பீர்கள். வார்த்தைதான் என்றால் செலவு என்னுடையது, கட்டில் போய்விடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

இந்தக் கடிதத்தை வக்கீலிடம் கொடுத்தால் உங்களுக்கு வேலை சுலபம். கொடுக்க வேண்டாம் என்று கெஞ்சுகிறேன். கெஞ்சுவதைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை. இன்னும் பதினான்கு நாள்.

ஜூன் 19

அக்கா,

என்னை ஏமாற்றிவிட்டீர்கள். முதலில் அதை எழுதிவிட வேண்டும் என்று இருந்தது, எழுதிவிட்டேன்.

கடிதத்தை வக்கீலிடம் கொடுக்கவில்லை. மனைவி வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க ஒரு வார்த்தை பேசாதீங்க, நாளைக்கு வேலைக்குப் போயிட்டு வந்து பேசுங்க" என்றாள்.

நேற்று ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெரியவர், வாயில் ஏதோ ஆபரேஷன் செய்தவர். பேச முடியாது. அப்படி இருந்தால் தட்டச் சொல்வோம். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. மூச்சு சரியாக இருக்கிறதா? ஒரு தட்டு. கூட யாராவது இருக்கிறார்களா? இரண்டு தட்டு. இருபது நிமிடம் இப்படியே பேசிக்கொண்டிருந்தோம். கதவைத் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பைக்கில் வரும்போது யோசித்தேன். சார் எட்டு மாதமாக லிஃப்டுக்குள் இருக்கிறார். நீங்கள் வெளியே நின்றுகொண்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று நீங்களே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அவருக்கு எல்லாம் புரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னது வெறும் வார்த்தை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே கடிதத்தில். அன்று என்ன நினைத்துச் சொன்னார் என்று அவரைக் கேட்டீர்களா?

தட்டச் சொல்லுங்கள். அவர் எதைத் தட்டினாலும் ஒத்துக்கொள்கிறேன். செலவு எங்களுடையது என்று தட்டினால் வட்டிக்கு வாங்கிச் சாகிறேன். ஆனால் நிஜத்தை எழுதுங்கள். இந்த முறை நடுவில் நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

ஜூன் 22

தம்பி,

கேட்கவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகும் ஒரு நாள் முழுக்கக் கேட்கவில்லை. கேட்டால் என்ன வருமோ என்ற பயம் ஒரு பக்கம். இவ்வளவு நாள் கேட்காமல் இருந்துவிட்டோமே என்பது இன்னொரு பக்கம்.

நேற்று காலை முகம் துடைத்துவிட்டு, அவருடைய இடது கைக்குக் கீழே ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து வைத்தேன். விதியைச் சொன்னேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

"உங்க பேர் எனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன், சோதித்துப் பார்க்க. என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஒரு தட்டு. பழைய ஆளாக இருந்தால் ஏதாவது நக்கலாகச் சொல்லியிருப்பார்.

"அன்னிக்கு லிஃப்ட்கார தம்பிகிட்ட பாத்துக்கலாம்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?" ஒரு தட்டு.

"சும்மா வாயில வந்ததா?" இரண்டு தட்டு. பெட்டி நசுங்கும் அளவுக்கு.

"அப்ப செலவை நாங்க தர்றோம்னு சொன்னீங்களா?" இரண்டு தட்டு. அப்பாடா என்றிருந்தது. "அந்தத் தம்பிதான் தரணும்னு சொன்னீங்களா?" அதற்கும் இரண்டு தட்டு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு தரப்பும் இல்லன்னா யார் தருவா? குடைக்காரரா?" என்று கத்தினேன். சிரித்தார் தம்பி. பாதி முகம்தான் சிரித்தது. நான் கட்டிலின் மேல் உட்கார்ந்துவிட்டேன். "பதிவுக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கு. நாம என்னதான் பண்றது?" என்று என் பாட்டுக்குப் புலம்பினேன்.

ஒரு தட்டு.

நான் கேள்வி எதுவும் கேட்டிருக்கவில்லை. "என்ன?" என்றேன். நான் சொன்னதையே ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொன்னேன். 'நாம' என்று வந்த இடத்தில் தட்டினார். மறுபடி சொன்னேன். மறுபடியும் அதே இடத்தில்.

'நாங்க' என்று கேட்டபோது இல்லை என்றார், 'நாம' என்றபோது ஆமாம் என்றார். அவரும் நீங்களும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தீர்கள், 'நாம ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்கலாம்' என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். நீங்கள் அது அவர் மட்டும் என்று எடுத்துக்கொண்டீர்கள். நான் அது யாருமே இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

பாதிக்குப் பாதி என்றால் என் பாதிக்கு என்ன செய்வேன்? மையத்தின் காசாளரிடம் வைப்புத்தொகையை இரண்டு தவணையாகக் கட்டலாமா என்று கேட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முடியாது என்று தலையை மட்டும் அசைத்தார். அப்புறம்தான், கேட்கவே கூடாது என்று வைத்திருந்ததை என் கணவரிடம் கேட்டேன். "பின்னாடி ரூம்ல இருக்கற மிஷினை..." முடிப்பதற்குள் ஒரு தட்டு. நான் அழுதேன். அவர் திரும்பி வந்து அதில் நிற்பார் என்று எட்டு மாதமாக எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தேன். அவர் அதை எப்போதோ விட்டுவிட்டிருக்கிறார். சொல்லத்தான் வழியில்லை.

சாவியை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். நான் அந்த ஊருக்கு வர முடியாது, அவருக்குத் துணையாக விட்டுவிட்டு வர ஆள் இல்லை. நீங்களே வாங்குகிற ஆளைப் பிடித்து விற்றுத் தர வேண்டும். என் பாதிக்கு வந்தால் போதும். 29க்குள் முடியுமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

இன்னும் ஒன்று. பதிவு அலுவலகத்தில் அதிகாரி வாய்விட்டுக் கேட்பார், "விக்கறதுக்குச் சம்மதமா?" என்று. மருத்துவரின் சான்று கையில் இருக்கும், தட்டுவதைப் பற்றியும் அதில் எழுதி வாங்கிவிட்டேன். ஆனால் அந்த நேரத்தில் பழைய வார்த்தை வாயில் வந்துவிட்டால் எல்லாம் போச்சு. தூங்கும்போதுகூட அதுதான் ஓடுகிறது.

அக்கா

ஜூன் 25

அக்கா,

இரண்டு பட்டறைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். முதல் ஆள் ஒரு விலை சொல்லிவிட்டு, பழசு என்றார். இரண்டாவது ஆள் பலகையைத் தடவிப் பார்த்து, "யாரு வச்சிருந்தது? குழந்தை மாதிரி பாத்திருக்காங்களே" என்றார். அவருக்கே கொடுத்துவிட்டேன். நீங்கள் சொன்ன பாதிக்குக் கொஞ்சம் குறைகிறது. குடைக்காரரிடம் தரகில் அதைக் கழித்துவிடச் சொல்லிவிட்டேன். முணுமுணுத்தார். 'பேசிக்கொண்டபடி' என்று எழுதியது யார் என்று கேட்டேன். குடையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

என் பாதிக்கு, மூன்று மாதத்துக்கு ஞாயிறு வேலையும் எடுத்துக்கொள்கிறேன் என்று கம்பெனியில் எழுதிக் கொடுத்து முன்பணம் வாங்கினேன். குழந்தை பிறக்கும்போதாவது இருப்பீர்களா என்று மனைவி கேட்கிறாள். தெரியவில்லை.

29ஆம் தேதி வண்டி பிடித்து நான் வந்து சாரைக் கூட்டிப் போகிறேன். நீங்கள் தூக்க வேண்டாம்.

அதிகாரி கேட்பதைப் பற்றிப் பயப்படாதீர்கள். பாத்துக்கலாம்.

ஜூலை 2

தம்பி,

அன்று அவசரத்தில் உங்களிடம் எதுவும் சொல்லவில்லை. கிளம்பும்போது நன்றிகூடச் சொல்லவில்லை என்று பிறகுதான் உறைத்தது.

அதிகாரி கேட்டார், நீங்களும் பார்த்தீர்கள். என் கணவரின் வாய் திறந்தது. எனக்கு உயிர் போய் வந்தது. அவர் உங்களைப் பார்த்தார், நீங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வாயை மூடிக்கொண்டு மேஜையில் ஒருமுறை தட்டினார். அதிகாரி சான்றைப் படித்துவிட்டு இன்னொருமுறை கேட்டார், இன்னொருமுறை தட்டினார். கையெழுத்து கோணலாக விழுந்தது. ஆனால் விழுந்தது.

30ஆம் தேதி மாலை நாலே முக்காலுக்குக் காசாளரிடம் பணம் கட்டினேன். ரசீதில் கட்டில் எண் பதினொன்று.

இந்த மையத்துக்கு வர விருப்பமா என்று அதற்கு முன்னால் அவரிடம் கேட்டேன். வீட்டை விற்று, இயந்திரத்தை விற்று, எல்லாம் முடிந்த பிறகு கேட்கிறேன் பாருங்கள். அவர் தட்டவில்லை. என் கையை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தார். என்னைக் கேட்கிறாராம். எட்டு மாதத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. நான் ஒருமுறை தட்டினேன். அதன் பிறகு அவர் தட்டினார்.

பேச்சு வருமா என்று உறுதி சொல்ல மாட்டேன் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நான் இந்த ஊரிலேயே ஒரு பரிசோதனைக்கூடத்தில் காலை வேலைக்குச் சேர்கிறேன். ஆறு மாதத்துக்கு அப்புறம் எங்கே போவோம் என்று தெரியாது, எங்களுக்கு வீடு இல்லை.

வார்டு கதவருகே என்னை நிறுத்திவிட்டார்கள், அதற்கு மேல் உறவினர்களுக்கு அனுமதி இல்லை. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனபோது அவர் திரும்பிப் பார்த்தார்.

"பாத்துக்கலாம்" என்றார்.

நான் தலையாட்டினேன்.

அக்கா